இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திராவின் ‘இயற்கை ஒளி’ என்பது என்ன? அவருடைய குறையுள்ள நாயகர்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

காட்சி நடக்கும் இடத்தில் வெளிச்சம் உண்மையில் எங்கிருந்து வருமோ, அந்தச் சன்னலையோ வானத்தையோ நம்பிப் படமெடுப்பதே இயற்கை ஒளி. 1982இல் வெளிவந்த அவருடைய ‘மூன்றாம் பிறை’ படத்தின் கதைக்களமான நீலகிரி இதற்கு வெகு பொருத்தம். அங்குள்ள கேத்தி என்ற ஊரில் பனிமூட்டம் இறங்கும்போது அதன் நுண்துளிகள் வெயிலைச் சிதறடிப்பதால், சன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்ட அறையைப் போல, நிழல்களின் விளிம்பு கரைந்துவிடும்.

அந்த வெளிச்சத்தில் ஒரு முகத்தை நல்லவன், கெட்டவன் என்று கோடு போட்டுப் பிரிக்க இயலாது. நினைவிழந்து குழந்தை மனத்தோடு இருக்கும் பெண்ணை விபசார விடுதியிலிருந்து மீட்டுப் பேணும் நாயகன் சீனு கருணையுள்ளவன்தான். ஆனால் அவளைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ளும் உரிமையை அவனுக்கு யார் தந்தது என்ற கேள்வியும் படம் முழுதும் கூடவே வருகிறது. இறுதியில் கேத்தி ரயில் நிலையத்தில், மழையில், சேறு படிந்த உடலோடு அவன் குரங்குபோல் ஆடிக் காட்டுகிறான். பழைய நினைவு திரும்பிவிட்ட அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அங்கே கேமரா அவனைத் தண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. (மழை நாளில் அந்த நிலையத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சாம்பல் வெளிச்சம் பழக்கமானது.)

இயற்கை ஒளி என்றால் விளக்கே வைக்காமல் எடுப்பது என்று பலர் எண்ணுகின்றனர்; அப்படியன்று, விளக்கு வைக்கலாம், அதன் ஒளி சன்னலிலிருந்து வருவதாகவே தோன்ற வேண்டும்.