'ஹேவிங்' எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றேன். குழுவில் ஒருவர் 'ஐ ஹேவ்' என்று திருத்தினார். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் தவறா?

பதில்: அவர் திருத்தியது சரி. நீங்கள் காட்டும் லஞ்ச் வாக்கியமும் சரி. 'ஹேவ்' சில இடங்களில் ஒரு நிலையைச் சொல்லும், சில இடங்களில் ஒரு செயலைச் சொல்லும். அனுபவம், தம்பி, வீடு, சந்தேகம், தலைவலி எல்லாம் உங்களுக்கு இருப்பவை, நீங்கள் செய்பவை அல்ல. அங்கே 'ஐ ஹேவ்' மட்டுமே. சாப்பிடுவதும் குளிப்பதும் கூட்டம் நடத்துவதும் செயல்கள். அங்கே 'ஹேவிங்' தாராளமாக வரலாம்.

ஐயம் வந்தால் தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' இயல்பாக இருக்கிறது. ஆகவே 'ஹேவிங் லஞ்ச்'. 'எனக்கு ஐந்து வருட அனுபவம் இருந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே 'ஹேவ்'. தமிழில் 'வருகிறான்' என்ற ஒரே வடிவம் வழக்கமாக வருவதையும் இப்போது வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். அந்தப் பழக்கத்தில்தான் 'இருக்கிறது' என்பதற்கும் 'இங்' ஒட்டிவிடுகிறோம். இந்திய ஆங்கிலத்தில் இது பரவலான வழக்கு. நமக்குள் பேசும்போது யாருக்கும் புரியாமல் போவதில்லை. ஆனால் விண்ணப்பத்திலும் நேர்முகத் தேர்விலும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'வீடு இருக்கிறது', 'அனுப்பியிருக்கிறேன்', 'போக வேண்டியிருக்கிறது' என்ற மூன்றிலும் 'இரு' வருகிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் 'ஹேவ்' வருகிறது: 'ஐ ஹேவ் எ ஹவுஸ்', 'ஐ ஹேவ் சென்ட் இட்', 'ஐ ஹேவ் டு கோ'. உறவில்லாத இரு மொழிகளில் இப்படி ஒரு பொருத்தம் அமைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆங்கிலம் கற்கும் தமிழர்களுக்கு இது நல்ல துணை.

நடுவில் உள்ளதில் மட்டும் கால் இடறும். 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். 'ஐ ஹேவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே' பிழையான ஆங்கிலம். நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ சென்ட் த மெயில் யெஸ்டர்டே' போதும். காலத்தைச் சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் சென்ட் த மெயில்' சரி. அலுவலக மின்னஞ்சல்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

அடுத்தவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்துகொள்வதற்கும் 'ஹேவ்' உண்டு. சலூனில் முடி வெட்டிக்கொண்டால் 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் கேட்பவர் நினைப்பார். சொற்களின் வரிசையும் முக்கியம். 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்று மாற்றினால், முன்பே நீங்கள் வெட்டியிருந்தீர்கள் என்று பொருள் திரும்பிவிடும்.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டாயத்தைச் சொல்லும் 'ஹேவ் டு' பேச்சில் 'ஹேஃப் டு' என்றே ஒலிக்கும். அப்படிக் காதில் விழுந்தால் வேறு சொல் என்று திகைக்க வேண்டாம்.