மாடி டிபிக்குத் தனி எர்த் குழி தேவையா?

கேள்வி: வீட்டின் மேல் மாடி எடுத்துக் கட்டினோம். கீழே உள்ள மெயின் போர்டிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, மாடியில் தனியாக ஒரு சப் டிபி (அந்த மாடிக்கு மட்டும் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்துக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். அன்றிலிருந்து மாடியில் ஒரு ஃபேன் போட்டாலே கீழே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. "எர்த் பத்தவில்லை, மாடி டிபிக்குத் தனியாக ஒரு எர்த் குழி போடணும், அதுவரைக்கும் ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிடலாம்" என்கிறார். குழி வெட்டச் சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். பைபாஸும் வேண்டாம்.

முதலில் அந்த மாடி டிபியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்காதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு அவர் திறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே இரண்டு பித்தளைப் பட்டைகள் இருக்கும். ஒன்றில் நியூட்ரல் வயர்கள், மற்றதில் எர்த் வயர்கள். இந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஒரு துண்டு வயர் ஓடுகிறதா, அல்லது எல்லா வயரும் ஒரே பட்டையில் முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் நியூட்ரல் பட்டையைப் பெட்டியின் உடம்போடு இணைக்கும் ஒரு ஸ்க்ரூவோ தகடோ கம்பெனியிலிருந்தே வரும். அதையும் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு, பத்தில் எட்டு தடவை நான் பார்த்தது இந்த இணைப்பைத்தான்.

நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ ஒரு இடத்தில் சேர்ந்துதான் இருக்கின்றன. சில நாடுகளில் அந்த இடம் வீட்டின் மெயின் போர்டு, சில இடங்களில் சப்ளை நுழையும் கட்அவுட் (ஃபியூஸ் பெட்டி), சில இடங்களில் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். எதுவானாலும் அது சப் டிபிக்கு முன்னால் முடிந்துபோன விஷயம். அதற்குப் பிறகு இரண்டும் மறுபடி தொட்டுக்கொள்ளவே கூடாது.

ஏன் என்று கேட்டால், நியூட்ரல் எந்நேரமும் கரண்ட்டைத் திரும்பக் கொண்டுபோகும் வயர். எர்த்தில் சாதாரண நாளில் கரண்ட் ஓடவே கூடாது, கோளாறு வந்தால் மட்டும்தான் அதற்கு வேலை. மாடியில் இரண்டையும் கட்டிவிட்டால், ஃபேன் கரண்ட் திரும்பிப் போக இரண்டு வழி கிடைத்துவிடுகிறது. கொஞ்சம் நியூட்ரல் வழியாகவும் கொஞ்சம் எர்த் வழியாகவும் போகும். ஆர்சிசிபி செய்வதெல்லாம் ஒரே கணக்குதான்: ஃபேஸில் போனது முழுக்க நியூட்ரலில் திரும்பியதா? ஒரு ஃபேன் சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு எர்த் பக்கம் தவறினாலே 30 மில்லிஆம்பியர். வீட்டு ஆர்சிசிபி விழ அது போதும். அதாவது உங்கள் ஆர்சிசிபி கெட்டுப்போகவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதை பைபாஸ் செய்யச் சொல்வது, காய்ச்சல் காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல.

இனி அந்தக் குழி. எர்த் என்றதும் நம் மனதில் மண்தான் வருகிறது. குழி ஆழமானால், கம்பி நீளமானால், உப்பும் கரியும் ஜெல்லும் கொட்டினால் வீடு பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்பை வைத்துத்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாடி டிபிக்குத் தனிக் குழி போட்டாயிற்று, மெயினிலிருந்து எர்த் வயர் வரவில்லை, அவர் சொன்னபடி ஆர்சிசிபியும் பைபாஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழியின் தடை 20 ஓம் என்றால் அது மோசமான குழி இல்லை, சாதாரணமானதுதான். வாஷிங் மெஷினில் ஃபேஸ் வயர் உரசி உடம்பைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) அசையக்கூட அசையாது. மெஷினின் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜோடு நின்றுகொண்டே இருக்கும், யாராவது தொடும்வரை.

அதே இடத்தில் மெயின் போர்டு வரை ஒழுங்கான எர்த் வயர் இருந்தால் என்ன ஆகும்? 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டருக்கு 0.1 ஓம் கூட வராது. போகவரப் பாதை மொத்தமும் அரை ஓம் என்று வைத்தாலும் 460 ஆம்பியர் பாயும். எம்சிபி கண் இமைப்பதற்குள் விழும். ஆக, மாடி டிபிக்கு வேண்டிய எர்த், கீழேயிருந்து ஃபேஸ், நியூட்ரலோடு கூடவே வரும் தனி வயர்தான். ஃபேஸ் வயர் 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால், எர்த்தையும் அதே அளவில் போட்டுவிடுங்கள். பச்சை வயரில் மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டாம்.

சப்ளையோடு எர்த் வராமல், வீட்டுக் குழி ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் இடங்களும் உண்டு. அங்கே மேலே சொன்ன 460 ஆம்பியர் பாயாது, எம்சிபியை எதிர்பார்க்க முடியாது. ஆர்சிசிபி ஒன்றுதான் காப்பு. அப்படிப்பட்ட வீட்டில் அதை பைபாஸ் செய்யச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"மாடியில் இணைப்பே இல்லை சார், எர்த் வயரே வரவில்லை, நியூட்ரலிலிருந்து எடுத்து பிளக்கின் எர்த் பின்னுக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இது எல்லாவற்றிலும் மோசம். வழியில் நியூட்ரல் ஒரு இடத்தில் லூஸாகி விட்டுப்போனால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக ஃபேஸ் வந்து, எர்த் பின்னில் மாட்டியிருக்கும் ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்த எம்சிபியும் விழாது.

அப்படியானால் சப் டிபிக்குக் குழி எப்போதுமே வேண்டாமா என்றால், ஒரு இடத்தில் வேண்டும். சப் டிபி வேறு கட்டடத்தில் இருந்தால். பின்கட்டு, தனி மோட்டார் ரூம், தோட்டத்து வீடு மாதிரி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழி விற்பவர்கள் எல்லோரும் இந்த விதிவிலக்கைக் காட்டித்தான் விற்கிறார்கள். தனிக் கட்டடத்தில் நிற்பவரின் கால் இருப்பது அந்த இடத்து மண்ணில். மெயின் வீட்டிலிருந்து வரும் எர்த் வயரின் வோல்ட்டேஜும் அந்த மண்ணின் வோல்ட்டேஜும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் அங்கே ஒரு எர்த் ராடு (மண்ணில் இறக்கும் கம்பி). ஆனால் அது எர்த் வயருக்குப் பதில் இல்லை, கூடுதல். ராடிலிருந்து வரும் வயர் சப் டிபியின் எர்த் பட்டையில் சேரவேண்டும், மெயினிலிருந்து வரும் எர்த் வயரும் அதே பட்டையில் சேரவேண்டும், நியூட்ரல் அப்போதும் ஒதுங்கியே இருக்கவேண்டும். வேறு கட்டடம்தானே என்று அங்கே போய் நியூட்ரலையும் எர்த்தையும் கட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாடி வேறு கட்டடம் இல்லை. ஒரே வீட்டுக்குள் ஒன்றோடொன்று சேராத இரண்டு எர்த் இருந்தால் ஆபத்துதான் கூடும். ஒரு கை ஒரு எர்த்திலும் இன்னொரு கை இன்னொரு எர்த்திலும் படுவதற்கு ஒரு கேபிள் டிவி வயர் போதும்.

அடுத்து, வேலை முடிந்ததும் உங்களுக்குக் காட்டப்போகிற இரண்டு வித்தைகள். ஒன்று, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுவார்கள். அது விழும். "எர்த் சூப்பர்" என்பார்கள். அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை. எர்த் வயரையே வெட்டிப் போட்டாலும் பட்டன் வேலை செய்யும், ஏனென்றால் அது உள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு சின்ன கரண்ட்டைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை எரித்துக் காட்டுவார்கள். எரியும்போது அந்த பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். எர்த் 50 ஓமாக இருந்தாலும் ஜம்மென்று எரியும். எர்த் என்று நியூட்ரலையே கொடுத்திருந்தால் இன்னும் அழகாக எரியும். (ஆர்சிசிபி ஒழுங்காக இருந்தால் பல்பு எரிவதற்குள் அது விழுந்திருக்கவேண்டும். எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் அதுவே ஒரு கேள்வி.)

கேட்கவேண்டிய சோதனை எளிது. மெயினை ஆஃப் செய்து, மாடி டிபிக்கு வரும் நியூட்ரல் வயரைப் பட்டையிலிருந்து கழற்றி, மாடியில் எல்லா பிளக்கையும் உருவிவிட்டு, நியூட்ரல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் நடுவே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைக்கச் சொல்லுங்கள். பீப் அடிக்கக் கூடாது. பெட்டியில் துண்டு வயரை எடுத்த பிறகும் அடித்தால், எங்கேயோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் இன்னொரு இணைப்பு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றினால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. குழி வெட்டுவதைவிடக் கூலி குறைவு என்பதால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அங்கீகாரம் தருகிற அதிகாரி வந்து பார்ப்பாரே என்று இருந்துவிடாதீர்கள். படிவத்தில் எர்த் தடை என்று ஒரு கட்டம் இருக்கும். மீட்டரே வெளியே எடுக்காமல், டிபி மூடியைக் கழற்றாமல், அந்தக் கட்டத்தில் 1.5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனவரை என் கண்ணால் பார்த்தேன். நான் கேட்டதற்கு, எல்லா வீட்டுக்கும் அதுதான் எழுதுவோம் என்றார்.

இணைப்பையெல்லாம் எடுத்தும் ஆர்சிசிபி விழுந்தால் இன்னொரு சந்தேகம் உண்டு. மெயின் போர்டில் மாடியின் ஃபேஸை ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்தும், நியூட்ரலை அதற்கு முன்னால் உள்ள பட்டையிலிருந்தும் எடுத்திருப்பார். அப்படியானால் ஃபேன் கரண்ட் முழுவதும் ஆர்சிசிபிக்குக் கணக்கில் வராமல் திரும்பும், விழாமல் என்ன செய்யும்? நியூட்ரலைச் சரியான பட்டைக்கு மாற்றினால் தீர்ந்தது. மூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன், இரண்டு டிபியின் உள்ளேயும் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எலக்ட்ரீஷியன், இங்கே ஒரு லிங்க் விட்டுப்போயிருக்கிறதே என்று கையில் துண்டு வயரோடு கிளம்பும்போது காட்ட உதவும்.