74 வயது அப்பாவுக்கு ஒளி சிகிச்சை கொடுக்கலாமா?

அப்பாவுக்கு 74 வயது, முதுகிலும் காலிலும் சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் உதிரும் நோய்), தோல் டாக்டர் ஒளி சிகிச்சை சொல்கிறார், இந்த வயதில் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும், பயப்படாதீர்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை என்றால் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். ஆனால் ஒளி சிகிச்சையில் கொடுக்கும் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் தோலோடு நின்றுவிடும், அதனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் நல்ல வழி.

ஆனால் அந்த பிரஷர் மாத்திரை எது என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருந்தால் சிலருக்குத் தோல் சீக்கிரம் சிவந்து எரியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எல்லா மாத்திரை அட்டைகளையும் முதல் நாளே டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு தோல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

கதிர் கொடுக்கும் பெட்டிக்குள் நிற்கும் நேரம் ஆரம்பத்தில் மிகவும் குறைவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முழங்கால் வலி, தலைசுற்றல் இருந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தாலும் உள்ளே போட்டுக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. சாலிசிலிக் அமிலக் களிம்பைப் பூசிக்கொண்டு போகவே வேண்டாம், கதிரைத் தடுத்துவிடும்.

வாரம் இரண்டு மூன்று முறை, இரண்டு மூன்று மாதம் போக வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் பெரிய கஷ்டமே இந்த அலைச்சல்தான், அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தையே பாருங்கள். மறுநாளும் எரிச்சல் இருந்தால் அடுத்த தடவை உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள்.