மூலநிரலை பில்டு செய்யும்போது 'இசட்லிப்.ஹெச் கோப்பு இல்லை' என்று நிற்கிறது. நெட்டில் எடுத்துப் போடலாமா?

தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப் ஏற்கெனவே இருப்பதாக உபுண்டு சொல்கிறது, ஆனாலும் பில்டு செய்ய மேக் கட்டளையைக் கொடுத்தால் இசட்லிப்.ஹெச் இல்லை என்று நின்றுவிடுகிறது, அந்த ஒரு கோப்பை மட்டும் எங்கிருந்தாவது இறக்கிப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் ஒருமுறை லிப்ஜேபெக் என்ற பட லைப்ரரியின் ஹெட்டரை (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் .ஹெச் கோப்பை) அப்படித்தான் எடுத்துப் போட்டேன். கம்பைல் ஆனது, லிங்க்கும் ஆனது. படத்தைத் திறந்ததும் 'லைப்ரரியின் பதிப்பு 80, அழைப்பவர் எதிர்பார்ப்பது 62' என்று சொல்லி புரோகிராம் நின்றுவிட்டது. பழைய ஹெட்டர், புதிய லைப்ரரி. லிப்ஜேபெக் சரிபார்த்ததால் தப்பித்தேன். எல்லா லைப்ரரியும் இப்படிச் சரிபார்ப்பதில்லை. ஸ்ட்ரக்சரின் (தரவுகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் அமைப்பின்) அளவு மாறியிருந்தால் நினைவகத்தில் தப்பான இடத்தில் எழுதும், எங்கேயோ கிராஷ் ஆகும், காரணம் தேடியே நாட்கள் போய்விடும்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் எளிமையானது. டெபியனும் உபுண்டுவும் ஒரு லைப்ரரியை இரண்டாகப் பிரித்து வைக்கின்றன. புரோகிராம் ஓடத் தேவையான .எஸ்ஓ கோப்பு ஒரு பேக்கேஜில், கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர்கள் '-டெவ்' என்று முடியும் இன்னொன்றில். உங்களிடம் முதலாவது மட்டும் இருக்கிறது. 'இசட்லிப்1ஜி-டெவ்' பேக்கேஜை நிறுவுங்கள், தீர்ந்தது. ஃபெடோராவில் இதே வகைப் பேக்கேஜ் '-டெவெல்' என்று முடியும். ஆர்ச்சில் இந்தப் பிரிவினை கிடையாது. பேக்கேஜ் பெயர் தெரியாவிட்டால் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியை நிறுவி, ஒருமுறை அப்டேட் கொடுத்துவிட்டு, கோப்பின் பெயரைத் தேடுங்கள். அது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று காட்டிவிடும்.

அப்புறம், காணாமல் போவது எப்போதும் வெளி லைப்ரரியின் கோப்பாகவே இருக்காது. கிட்டில் குளோன் செய்த டைரக்டரியில் ./கான்ஃபிகர் (தேவையானவை கணினியில் இருக்கிறதா என்று பில்டுக்கு முன் பார்க்கும் ஸ்கிரிப்ட்) இல்லையென்றால், கான்ஃபிகர்.ஏசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'ஆட்டோரீகான்ஃப் --இன்ஸ்டால்' கொடுத்தால் கான்ஃபிகர் உருவாகும். டைரக்டரி இருந்தும் உள்ளே ஒன்றுமே இல்லையா? அநேகமாக அது சப்மாட்யூல், அதாவது உள்ளே இணைக்கப்பட்ட வேறொரு கிட் களஞ்சியம். 'கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்' கொடுங்கள். கிட்ஹப் தானாகத் தரும் ஜிப்பில் சப்மாட்யூல்கள் வராது, அதனால் ஜிப்பை விட்டுவிட்டு குளோன் செய்யுங்கள்.

இன்னொரு வகைதான் ஆளைக் குழப்பும். பைசன் என்ற பார்சர் உருவாக்கும் கருவி பில்டின்போது உருவாக்க வேண்டிய பார்சர்.ஹெச் இல்லை என்று பிழை வரும், மறுபடி மேக் கொடுத்தால் வராது. மேக்ஃபைலில் எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசை சரியாக இல்லாதபோது, -ஜே8 என்று பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் இப்படி ஆகும். -ஜே1 கொடுத்துப் பாருங்கள். டெர்மினலில் கடைசி வரியைப் பார்க்காமல் மேலே போய் முதல் பிழையைப் பிடிப்பதற்கும் அதுதான் வசதி.

பேக்கேஜை நிறுவியதும் மேக்கை மட்டும் திரும்ப ஓட்டாதீர்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று கான்ஃபிகர் முன்பே முடிவு செய்து எழுதி வைத்திருக்கும். மேக் கிளீன் கொடுத்து, கான்ஃபிகரிலிருந்தே தொடங்குங்கள். பைத்தானை மூலநிரலிலிருந்து பில்டு செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: லிப்எஃப்எஃப்ஐ-டெவ் இல்லாவிட்டாலும் பில்டு நிற்காமல் முடிந்துவிடும், பிறகு அதை நம்பியிருக்கும் சிடைப்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்யும்போதுதான் அந்த மாட்யூல் இல்லை என்று தெரியவரும்.

இதற்குப் பிறகும் நின்றால், முதல் பிழையையும் அதற்கு மேலே உள்ள பத்து வரிகளையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.