டாலரில் கடவுள் பெயர் இருக்கிறது. நம் ரூபாயில் ஏன் இல்லை?

சட்டைப் பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். சிங்கத் தூணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'சத்யமேவ ஜயதே' என்றிருக்கும். அது முண்டக உபநிடத வாக்கியம். ஆக, சமய வாசனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடவுள் பெயர்தான் இல்லை.

அமெரிக்காவிலும் அது தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1864-இல், இரண்டு சென்ட் நாணயத்தில் 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் முதலில் ஏறியது. எல்லாப் பணத்திலும் அது வேண்டும் என்ற சட்டம் 1955-இல்தான் வந்தது. அங்கே பள்ளிகளில் சொல்லும் கொடி உறுதிமொழியில் கடவுள் நுழைந்தது அதற்கு முந்தைய ஆண்டு. சோவியத் நாத்திகத்துக்கு எதிராகத் தங்களைக் காட்டிக்கொள்ளும் அவசரம், வேறென்ன!

நம் பள்ளி உறுதிமொழியை 1962-இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். வேலூர் வெயிலில் கையை நீட்டியபடி அதைச் சொன்ன நாட்களில், கை வலித்ததே தவிர, சாமி பெயர் வரவில்லையே என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அமைச்சர்களுக்கோ அரசமைப்புச் சட்டம் இரு வழி தருகிறது: 'கடவுள் அறிய' அல்லது 'உளமார'.

எங்கள் ஊர்ப் பழைய காசுகள் இதில் தாராளம். வேலூரிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் பொன் வராகனில் திருமால் நிற்கிறார், பின்புறம் வேங்கடேசுவரருக்கு வணக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ஆற்காடு ரூபாயிலோ பாரசீக எழுத்தில் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர். அடித்தவன் கிறிஸ்தவன், ஆனால் கடைத்தெருவில் செல்லுபடியாக வேண்டுமே!