கலர் டிரெஸ்ஸை மறந்தது யாரு?

வணக்கம் அக்கா,

உங்க சைட்டை நாலஞ்சு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம், 8 வயசுல பொண்ணு, 4 வயசுல பையன். காலைல 5.30க்கு எந்திரிச்சா ராத்திரி 11 மணிக்குத்தான் படுக்கவே முடியுது. இதுல அவரை குறை சொல்லவும் மனசு வரல அக்கா, பாத்திரம் கழுவுங்கன்னா கழுவுவார், பசங்களை குளிப்பாட்டுங்கன்னா குளிப்பாட்டுவார், "நீ சொல்லு, நான் செய்றேன்"னு தான் எப்பவும் சொல்வார். அப்புறமும் நான் ஏன் இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்குறேன்னு புரியல. போன வாரம் பையன் ஸ்கூல்ல கலர் டிரெஸ் நாள், நான் மறந்துபோய் யூனிஃபார்ம்ல அனுப்பிட்டேன், அவன் மட்டும் தனியா தெரிஞ்சானாம். ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். எனக்கு நிர்வாகம் பண்ணத் தெரியலையா, இல்ல நான் சோம்பேறியா? பேர் போட வேணாம்க்கா.

அன்புத் தங்கைக்கு,

சோம்பேறிங்கிற வார்த்தையை யார் உங்க தலைல போட்டாங்கன்னு தெரியல, முதல்ல அதைத் தூக்கி வெளிய எறிங்க. 5.30ல இருந்து 11 வரைக்கும் பதினேழரை மணி நேரம், படுத்த உடனே தூங்கிட்டீங்கன்னே வச்சாலும் ஆறரை மணி நேரம்தான் தூக்கம். பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. ஆக வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் கடன், அதுவும் நடுராத்திரி பையன் எழுப்பாம இருந்தா.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ஒரு இடத்துல நின்னுட்டேன். "நான் மறந்துபோய்"னு எழுதியிருக்கீங்க. ஏன்மா, கலர் டிரெஸ் நாள்னு ஸ்கூல்ல இருந்து வந்த மெசேஜ் அவர் போனுக்கும்தானே வந்திருக்கும்? அப்படி வரலைன்னா அது இன்னும் பெரிய விஷயம், பையனுக்கு ஸ்கூல்ல இருந்து வர்ற செய்தி ஒரே ஒருத்தர் போனுக்கு மட்டும் வர்ற மாதிரி யார் முடிவு பண்ணது? அன்னிக்கு அவரும்தான் மறந்தார். ஆனா ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதது நீங்க மட்டும்தான். உங்க அசதியோட காரணம் பாதிக்கு மேல இங்கதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

வீட்டு வேலைன்னா நாம கையால செய்றதைத்தான் கணக்குல எடுக்குறோம். அலிசன் டாமிங்கர்ங்கிற சமூகவியல் ஆய்வாளர் 2019ல ஒரு கட்டுரை எழுதினாங்க, தம்பதிகள்கிட்ட உக்காந்து பேசி, வீட்டுல மண்டைக்குள்ள நடக்குற வேலையை நாலா பிரிச்சாங்க: என்ன வேணும்னு முன்னாடியே உணர்றது, அதுக்கு என்னென்ன வழி இருக்குன்னு தேடுறது, முடிவெடுக்கிறது, அப்புறம் அது ஒழுங்கா நடந்துச்சான்னு கவனிக்கிறது. இதுல முடிவெடுக்கிறதை மட்டும் ஓரளவு ரெண்டு பேரும் சேர்ந்து செய்றாங்க, முதலும் கடைசியும் பெரும்பாலும் பொம்பளைங்க தலைலதான் விழுதுன்னு கண்டாங்க. படிச்சப்ப எனக்கு ஷூ தான் ஞாபகம் வந்துச்சு. எங்க பையன் ஒரு மாதிரி காலை இழுத்து நடக்குறான்னு கவனிச்சது நான், ஷூ சின்னதாயிடுச்சுன்னு கண்டுபிடிச்சது நான், அடுத்த சைஸ் எதுன்னு பார்த்தது நான், ரெண்டு நாள் கழிச்சு கடிக்குதாடான்னு கேட்டதும் நான். எங்க வீட்டுக்காரர் கடைக்குப் போய் காசு குடுத்து வாங்கிட்டு வந்தார். "ஷூ நான்தான் வாங்கினேன்"னு இன்னிக்கும் சொல்வார், அது பொய்யும் இல்ல!

உலகம் முழுக்க சம்பளம் இல்லாத வீட்டு வேலை, பராமரிப்பு வேலைல 76.2 சதவீதம் பொம்பளைங்கதான் செய்றாங்கன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018ல கணக்கு சொல்லுச்சு. அது செய்ற வேலையோட கணக்கு. ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துகிட்டே நாளைக்கு டிபன் பாக்ஸ்ல என்ன வைக்கிறதுன்னு ஓடுதே, அந்த நிமிஷத்தை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

அதனால "சொல்லு, செய்றேன்"ங்கிறது நல்ல மனசுதான், இல்லேங்கல, ஆனா சொல்றதே ஒரு வேலை. அவர் உங்களுக்கு அசிஸ்டென்டா இருக்கார், நீங்க மேனேஜர். வீட்டுக்கு ரெண்டு மேனேஜர் வேணும்.

நான் என்ன பண்ணேன்னு கேட்டா முதல்ல மகா முட்டாள்தனம்தான் பண்ணேன். ஃபிரிட்ஜ்ல கலர் கலரா ஒரு சார்ட் ஒட்டினேன், யாருக்கு எந்த நாள் என்ன வேலைன்னு. அதை எழுதுறது, மாத்துறது, எல்லாரும் டிக் அடிச்சாங்களான்னு பாக்குறதுன்னு எனக்கு இன்னொரு வேலை சேர்ந்ததுதான் மிச்சம், மூணாவது வாரம் கிழிச்சுப் போட்டேன். அப்புறம்தான் துணியை முழுசா அவர்கிட்ட விட்டேன். முழுசான்னா அழுக்குக் கூடைல இருந்து பீரோ வரைக்கும், சோப்புத் தூள் தீரப்போகுதுன்னு கவனிக்கிறது வரைக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி யூனிஃபார்ம் துவைக்காம கிடக்குறது எனக்குத் தெரியும், சொல்லாம படுத்தேன், நாக்கைக் கடிச்சுகிட்டு படுத்தேன்னே வைங்க, தூக்கமே வரல. காலைல ஒரே ரகளை, ஈரச் சட்டையை அயர்ன் பாக்ஸால காய வச்சு அனுப்பினார். அதுக்கப்புறம் யூனிஃபார்ம் சனிக்கிழமையே துவைச்சாகுது. ஒரு வெள்ளைச் சட்டை ரோஸ் ஆனதெல்லாம் தனிக் கதை. அவர் துண்டு மடிக்கிற விதம் எனக்கு இன்னிக்கும் பிடிக்காது, ராத்திரி யாரும் பாக்காதப்ப பிரிச்சு மடிச்சுகிட்டு இருந்தேன், அப்புறம் நிறுத்திட்டேன். இதுல நம்ம பங்கும் இருக்கு பாத்துக்கோங்க, விட்டுக் குடுத்த வேலைக்கு மார்க் போடுற ஆசையை விடணும், ரொம்பக் கஷ்டம்.

பொண்ணு பத்தி ஒண்ணு சொல்லணும். 8 வயசுல தன் பையைத் தானே அடுக்கலாம், சாப்பிட்ட தட்டைக் கழுவலாம். ஆனா பொண்ணு பெரியவங்கிறதால தம்பி சாக்ஸைத் தேடுறது, தம்பிக்கு ஊட்டுறதுன்னு அவகிட்ட போயிடும், நமக்கே தெரியாம நடக்கும். சின்னவன் சாக்ஸை அவனே கூடைல போடட்டும். 4 வயசுக்கு அது தாராளமா முடியும், நாம செய்றதை விட பத்து மடங்கு நேரம் ஆகும், அவ்ளோதான்.

ராத்திரி மண்டை ஓடிகிட்டே இருந்தா மறுநாள் வேலையை ஒரு பேப்பர்ல அஞ்சு நிமிஷம் எழுதிட்டுப் படுங்க. 2018ல அமெரிக்காவுல 57 பேரை வச்சு ஒரு சோதனை வெளியாச்சு, அன்னிக்கு முடிச்ச வேலையை எழுதினவங்களை விட மறுநாள் வேலையை எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்களாம். 57 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கைதான், ஆனா எனக்கு வேலை செய்யுது.

தனியா புள்ளைங்களை வளர்க்குறவங்களுக்கு நான் மேல சொன்னதுல பாதி உதவாது, தெரியும், அதைத் தனியா எழுதணும்.

இன்னொண்ணு, இதைத் தள்ளிப் போடாதீங்க. எல்லா அசதிக்கும் வீட்டு வேலை காரணம்னு நினைச்சுகிட்டு தைராய்டையோ இரும்புச்சத்தையோ கவனிக்காம விட்டவங்க நிறைய. ஹீமோகுளோபின் நார்மல்னு வந்தாலும் உடம்புல இரும்புச் சேமிப்பு குறைஞ்சிருக்கலாம், ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல அடிக்கடி வந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.

இப்ப ஸ்கூல் சமாச்சாரத்தை அப்படியே அவர் கைல குடுங்க, மெசேஜ், டிரெஸ், ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி எல்லாம் சேர்த்து. ஒரு தடவை பையன் மறுபடி யூனிஃபார்ம்ல போவான். போகட்டும்.

இதை டைப் பண்ணிகிட்டு இருக்கும்போது எங்க வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, சோப்புத் தூள் தீந்துடுச்சா?"ன்னு கேட்டார். நான் ஸ்கிரீனைப் பாத்துகிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு டப்பாவைத் திறந்து பாக்கப் போனார்.

அன்புடன்,
அக்கா