பெயின்ட்பால் மார்க்கருக்கு எந்த சிலிண்டர்?

கேள்வி: அழகர்கோவில் சாலையில் உள்ள எங்கள் தோப்பில் வார இறுதிகளில் பெயின்ட்பால் நடத்த இருக்கிறோம். பத்து மார்க்கர் (சாயக் குண்டு சுடும் துப்பாக்கி) வாங்க வேண்டும். "கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரே போதும், விலையும் குறைவு. கூட ஒரு ரெகுலேட்டர் மாட்டினால் ஏர் சிலிண்டர் மாதிரியே அடிக்கும்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
— ஒத்தக்கடை வாசகர்

பதில்: வேண்டாம். மதுரை வெயிலுக்கு அது ஒத்துவராது.

கார்பன் டை ஆக்சைடு, நம் வீட்டு சமையல் கேஸ் போலவே, சிலிண்டருக்குள் திரவமாக இருந்து ஆவியாகி வெளியே வருவது. அதனால் அதன் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பம்தான். 21 டிகிரியில் சுமார் 850 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும், 31 டிகிரியைத் தொடும்போது 1,070 ஆகிவிடும். அதற்கு மேல் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய், எவ்வளவு நிரப்பியிருக்கிறார்களோ அதற்கேற்ப அழுத்தம் இன்னும் ஏறும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை நாம் சாதாரணமாகப் பார்க்கிறோம். காலையில் நொடிக்கு 280 அடி என்று வேகத்தைச் சரிசெய்து கொடுத்த மார்க்கர், மதியம் பாதுகாப்பு வரம்பான 300 அடியைத் தாண்டிவிடும். அடி வாங்கப் போவது உங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள்.

ரெகுலேட்டர் மாட்டினால் வாயுவின் அழுத்த ஏற்ற இறக்கம் ஓரளவு மட்டுப்படும், உண்மைதான். ஆனால் வேகமாகச் சுடும்போதும் மார்க்கரைக் கீழ்நோக்கிச் சாய்க்கும்போதும் திரவமே உள்ளே போய்விடும். வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உறைந்து விறைக்கும். எலக்ட்ரானிக் மார்க்கர் என்றால், மின்சாரத்தில் வாயுவைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு கெட்டுப்போகும். எடை போடாமல் அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டர் வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தால், பாதுகாப்புத் தகடு வெடித்துத் திறக்கும். இதையெல்லாம் எந்த ரெகுலேட்டரும் தடுக்காது.

ஏர் சிலிண்டரே வாங்குங்கள். 48 கன அங்குலம், 3,000 பி.எஸ்.ஐ. அலுமினிய சிலிண்டர் வாடகை மார்க்கருக்குத் தாராளம். ஒரு முறை நிரப்பினால் சுமார் 450 முதல் 500 குண்டு வரை போகும். 4,500 பி.எஸ்.ஐ. கார்பன் ஃபைபர் எடை குறைவு, ஆனால் விலை அதிகம். அந்த அழுத்தத்துக்கு நிரப்ப இடமில்லாவிட்டால் அந்தப் பணம் வீண். ரெகுலேட்டர் சிலிண்டரின் கழுத்திலேயே வரும், தனியாக இன்னொன்று தேவையில்லை. அது 800–850 பி.எஸ்.ஐ. வெளிவிடும் வகையா, 450 அளவில் வெளிவிடும் வகையா என்று பார்த்து, மார்க்கரின் கையேட்டோடு பொருத்தி வாங்குங்கள். கடையிலேயே மாட்டி, சில முறை சுட்டுப் பார்த்து, வெளிவரும் அழுத்தத்தை கேஜில் கவனியுங்கள். முள் ஒரு இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே வாயுவை அடைக்கும் சீட் தேய்ந்திருக்கிறது. அந்த ரெகுலேட்டரைத் தொடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன்பே முடிவாக வேண்டியது, எங்கே நிரப்பப் போகிறீர்கள் என்பது. வாயு சிலிண்டர் விதிகள் 2016-இன்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் இல்லாத சிலிண்டரை இங்கே நிரப்பக் கூடாது. நிரப்புவதற்கும் உரிமம் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கை அந்த ஒப்புதல் இல்லாமல் தலையில் கட்டினால், அது உங்கள் தோப்பில் காலியாகத்தான் கிடக்கும். ஒப்புதல் விவரத்தையும், சிலிண்டரில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அலுமினிய சிலிண்டருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை என்பது வழக்கம்.

கேள்வி: அவசரத்துக்குப் பஞ்சர் கடையில் காற்று அடித்துக்கொள்ளலாமா?
— அதே வாசகர்

பதில்: முடியாது. அந்தக் கம்ப்ரஸர் தருவது 150 பி.எஸ்.ஐ. அளவுதான், உங்களுக்கு வேண்டியது 3,000. அதோடு அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும். உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஆகவே நிரப்பும் வாயில் இறுகலாக இருக்கிறதென்று ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாதீர்கள், பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.